தாத்தாவின் மெஷினில் பேத்தியின் ஒரு சொட்டு ரத்தம்

சித்திரை வெயில். மூன்றரை வயதுப் பெண் குழந்தை நாளெல்லாம் தண்ணீர்ச் சொம்பும் கையுமாக அலைகிறாள். “வெயிலுக்குத் தாகம் எடுக்கத்தான் செய்யும், குடிக்கட்டும்” என்கிறார் பாட்டி. படுக்கையை நனைக்கும் பழக்கத்தை ஒரு வருடத்துக்கு முன்பே விட்டவள், இப்போது தினமும் பாயை நனைக்கிறாள். “எதையோ பாத்துப் பயந்திருக்கா, மந்திரிச்சுக் கூட்டிட்டு வந்துடுவோம்.” தீபாவளிக்கு எடுத்த பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. “உசரம் போடுற வயசு, இளைக்கத்தான் செய்வா.” தட்டுத் தட்டாகச் சாப்பிட்டும் உடம்பில் ஒட்டவில்லை. “வயித்துல பூச்சி இருக்கும்” என்று பூச்சி மருந்து கொடுக்கிறார்கள். அடுத்த வாரம் வாந்தி. குடல் ஏறியிருக்கிறது என்று குடல் தட்டுபவரிடம் தூக்கிப் போகிறார்கள். வாந்தி நிற்கவில்லை. தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். அன்றிரவு குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது. கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்க்கக்கூடத் தெம்பில்லை.

இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதை கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் மருத்துவர்கள், ஊரும் பெயரும் மாறி மாறித் திரும்பத் திரும்பக் கேட்கிற கதை. இதில் யாரும் அலட்சியமாக இல்லை என்பதைக் கவனியுங்கள். பாட்டி சொன்ன ஒவ்வொரு காரணமும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமானது. வெயிலில் தாகம் எடுக்கும், பயந்த பிள்ளை படுக்கையை நனைக்கும், பூச்சி இருந்தால் பிள்ளை இளைக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கத்தான் அந்த வீட்டில் ஆள் இல்லை.

ஆனால் ஒன்று அந்த வீட்டில் இருந்தது. ஃபிரிட்ஜ் மேல், மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில், தாத்தாவின் சுகர் மெஷின். வாரத்துக்கு ஒரு முறை விரலைக் குத்திப் பார்த்து நோட்டில் எழுதிவைக்கிறார். பேத்தியின் விரலையும் ஒரு தடவை குத்திப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சர்க்கரை நோய் என்பது தாத்தாக்களின் நோய் என்ற எண்ணம் நம் வீடுகளில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது.

பிள்ளைகளுக்கும் வருமா?

வரும். பால் குடிக்கும் குழந்தைக்கும் வரலாம், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் வரலாம். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2021ல் வெளியிட்ட கணக்குப்படி, 20 வயதுக்குட்பட்ட டைப் 1 சர்க்கரை நோயாளிகள் உலகிலேயே அதிகமாக இருப்பது இந்தியாவில்தான். இரண்டு லட்சத்துக்கும் மேல்.

தாத்தாவுக்கு வந்தது டைப் 2. அவர் உடம்பில் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் சரியாக வேலை செய்யவில்லை, போதவும் இல்லை. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வருவது டைப் 1. அவர்களின் சொந்த நோய் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறது. இன்சுலின் படிப்படியாக வற்றிப்போகிறது. அதிகமாகச் சாக்லேட் தின்றதால் இது வருவதில்லை. கர்ப்ப காலத்தில் அம்மா இனிப்பு சாப்பிட்டதாலும் வருவதில்லை. டைப் 1 வரும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரின் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்குமே டைப் 1 இருந்திருக்காது. ஆகவே, “எங்க வம்சத்துல சின்ன வயசுல யாருக்கும் சுகர் கிடையாதே” என்ற பேச்சை நம்பி ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

உடம்புக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் அறிகுறிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுகிறது, மடையைத் திறந்துவிட ஆள் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் கரை புரளும், வயல் காயும். இன்சுலின்தான் மடை திறக்கும் ஆள். அது இல்லாதபோது ரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, உடம்பின் செல்கள் பட்டினி கிடக்கின்றன. ரத்தச் சர்க்கரை 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதைப் பிடித்துவைக்க முடியாமல் சிறுநீரில் வழியவிடுகிறது. சர்க்கரை தனியாகப் போவதில்லை. கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் குழந்தை அடிக்கடி, அதுவும் நிறையச் சிறுநீர் கழிக்கிறது. இழந்த தண்ணீரை ஈடுகட்டத் தாகம் எடுக்கிறது.

இங்கேதான் பெரியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிறோம். “தண்ணிய மொடா மொடாவா குடிக்கிறான், அதான் ஒண்ணுக்குப் போறான்” என்று நினைத்து, ராத்திரி படுக்கப்போகும்போது தண்ணீரை நிறுத்திவிடுகிறோம். சிறுநீர் நிற்காது. குழந்தை வறண்டுபோவதுதான் மிச்சம். சர்க்கரை நோய் வந்த குழந்தைக்குத் தண்ணீரைத் தடுப்பது ஆபத்து. தாகம் தீரட்டும் என்று ஜூஸும் குளிர்பானமும் வாங்கிக் கொடுப்பதும் ஆபத்துதான், ஏற்கனவே வழியும் சர்க்கரையில் மேலும் சர்க்கரையைக் கொட்டுகிறோம்.

பேசத் தெரியாத பிள்ளை

ஐந்து வயதுப் பிள்ளை “தாகமா இருக்கு” என்று சொல்லிவிடும். பத்து மாதக் குழந்தை என்ன செய்யும்? அழும். பால் கொடுத்தால் ஆவலாகக் குடிக்கும், சற்று நேரத்தில் மறுபடி அழும். “பால் பத்தல போல” என்று அம்மா தன்னையே நொந்துகொள்வார். அதனால்தான் கைக்குழந்தைகளிடம் இந்த நோயைக் கண்டுபிடிப்பது கடினம். சின்னக் குழந்தைகளில் பலருக்கு நோய் முற்றி ஆபத்தான நிலைக்குப் போன பிறகே தெரியவருவதும் அதனால்தான். வளர்ந்த பிள்ளைகளைப் போல வாரக்கணக்கில் இழுக்காமல், சில நாட்களிலேயே நிலைமை கைமீறிப் போகலாம்.

ஆனால் அம்மாவின் கைக்குத் தெரியும். டயாபரைக் கழற்றும்போது வழக்கத்தைவிடக் கனமாக இருக்கும். ஒரு நாளைக்கு நான்கு மாற்றிய இடத்தில் எட்டு மாற்ற வேண்டியிருக்கும். இரவு கட்டிய டயாபர் விடிவதற்குள் நிரம்பி வழியும். துணி கட்டும் வீடுகளில், நனைந்து காய்ந்த துணி பிசுபிசுப்பாக, விறைப்பாக இருக்கும். குழந்தை சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கும். மதுமேகம் என்று நம் பழைய மருத்துவம் இந்த நோய்க்குப் பெயர் வைத்ததே சிறுநீரின் இந்த இனிப்பை வைத்துத்தான். எறும்பு மொய்ப்பதைப் பார்த்தால் அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே சமயம் எறும்பு வரவில்லை என்பதால் சர்க்கரை இல்லை என்றும் ஆகிவிடாது.

டயாபர் கட்டும் இடத்தில் சிவந்து, எந்தக் களிம்புக்கும் கேட்காமல், ஆறிய பிறகும் திரும்பத் திரும்ப வரும் பூஞ்சைப் புண்ணும் ஒரு தடயம். சர்க்கரை கலந்த ஈரம் பூஞ்சைக்கு நல்ல தீனி. பெண் குழந்தைகள் பிறப்புறுப்பில் அரிப்பு என்று சொறிந்துகொண்டே இருந்தால் சிறுநீர்த் தொற்றை மட்டும் நினைக்காமல் சர்க்கரையையும் நினையுங்கள்.

ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் வந்த குழந்தையைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வயதில் வருவது பெரும்பாலும் டைப் 1 ஆக இருக்காது. ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால் வருவது. அப்படிப்பட்ட ஒரு மரபணுவை 2004ல் பிரிட்டனின் எக்ஸிடர் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். அந்த வகைக் குழந்தைகளில் பலர் இன்சுலின் ஊசியிலிருந்து, பெரியவர்கள் பல காலமாகச் சாப்பிட்டுவரும் ஒரு சாதாரண மாத்திரைக்கு மாற முடிந்தது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இத்தகைய மரபணுச் சோதனைகளைச் செய்துவருகிறது. ஆறு மாதத்துக்குள் நோய் வந்த குழந்தைக்கு, வாழ்நாள் முழுக்க ஊசிதான் என்று முடிவு கட்டும் முன் இந்தச் சோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மரபணுச் சோதனை முடியும்வரை இன்சுலினை நிறுத்தக் கூடாது.

வயிற்றுப்போக்கு என்று நினைத்து...

செல்கள் பட்டினி கிடக்கும்போது உடம்பு கொழுப்பையும் தசையையும் கரைக்கத் தொடங்குகிறது. குழந்தை இளைப்பது அதனால்தான். உயரம் போடும் பிள்ளை ஒல்லியாகத் தெரியலாம், ஆனால் எடை குறையாது. இரண்டு மாதத்துக்கு முன் 14 கிலோ இருந்த குழந்தை இன்று 12 கிலோ என்றால், அதை வளர்த்தி என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. அங்கன்வாடியில் மாதா மாதம் எடை பார்த்து எழுதுகிற அட்டை இருக்கிறதே, அது சத்துக்குறைவைக் காட்ட மட்டும் என்று நினைக்காதீர்கள். கோடு திடீரென்று கீழே இறங்கினால், கூடவே தாகமும் இருந்தால், அந்த அட்டையே எச்சரிக்கை மணி.

கரைந்த கொழுப்பிலிருந்து கீட்டோன் என்ற அமிலப் பொருட்கள் ரத்தத்தில் சேர்கின்றன. ரத்தம் அமிலமாக மாறும் இந்த நிலைக்குக் கீட்டோ அசிடோசிஸ் என்று பெயர். உயிரைப் பறிக்கக் கூடியது. இதன் அறிகுறிகள் வேறு வேறு நோய்களின் முகமூடியைப் போட்டுக்கொண்டு வருவதுதான் கொடுமை. வாந்தி வரும், ஃபுட் பாய்சன் என்போம். வயிறு வலிக்கும், குடல்வால் என்று சந்தேகிப்போம். மூச்சு வாங்கும், சளி என்றும் வீஸிங் என்றும் நெபுலைசர் வைப்போம்.

முகமூடியைக் கழற்றிப் பார்க்க ஒரு வழி உண்டு. இந்தக் கட்டுரையில் வேறு எது மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வாந்தியாலோ வயிற்றுப்போக்காலோ வறண்டுபோன குழந்தைக்குச் சிறுநீர் குறைந்துவிடும். “காலைல இருந்து ஒண்ணுக்கே போகல டாக்டர்” என்றுதான் அம்மாக்கள் சொல்வார்கள். சர்க்கரையால் வறண்ட குழந்தையோ, நாக்கு ஒட்டிக் கண் குழி விழுந்த நிலையிலும் சிறுநீர் கழித்துக்கொண்டே இருக்கும். உடம்பு வறண்டிருக்க, டயாபர் மட்டும் நனைந்திருந்தால் சர்க்கரையைப் பார்த்தே ஆக வேண்டும்.

மூச்சிலும் வித்தியாசம் உண்டு. சளியோ இருமலோ விசில் சத்தமோ இல்லாமல், ஓடிவந்து நின்றவனைப் போல ஆழமாகவும் வேகமாகவும் குழந்தை மூச்சு விடும். வாயருகே முகர்ந்தால் புளித்த பழ வாடையோ, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடியோ வரும். இந்த நிலையில் குழந்தை தூங்கி வழிந்தால், அசதி என்று தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம் அது. திரவத்தையும் இன்சுலினையும் மணிக்கணக்கில் அளந்து அளந்துதான் செலுத்த வேண்டும். இந்த நிலையில் குழந்தைகளின் மூளை வீங்கும் ஆபத்தும் இருப்பதால், நொடிக்கு நொடி பார்த்துக்கொள்ள ஆட்கள் வேண்டும்.

நம் ஊரில் இதோடு இன்னொரு வழக்கம் சேர்ந்துகொள்கிறது. சோர்ந்துபோன பிள்ளைக்கு வீட்டில் குளுக்கோஸ் பவுடர் கரைத்துக் கொடுக்கிறோம், கிளினிக்கில் “ஒரு பாட்டில் ஏத்திடுங்க டாக்டர்” என்று நாமே கேட்கிறோம். சர்க்கரை 500க்கு மேல் நிற்கும் குழந்தையின் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இப்படிக் கேளுங்கள்: “பாட்டில் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை சுகர் பாத்துடுங்க டாக்டர்.” நல்ல மருத்துவர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒரு சுவரொட்டி செய்த வேலை

இத்தாலியின் வடபகுதியில் பார்மா என்ற மாகாணம் இருக்கிறது. 1980களின் இறுதியில் அங்கே சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 78 பேர் கீட்டோ அசிடோசிஸ் நிலையில்தான் மருத்துவமனைக்கு வந்தார்கள். 1991ல் அங்குள்ள மருத்துவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் ஒரு சுவரொட்டி அனுப்பினார்கள். பிள்ளை அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறதா, அதிகமாகச் சிறுநீர் கழிக்கிறதா, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்பியிருக்கிறதா என்பதுபோல எளிய செய்திகள்தான் அதில். குழந்தை மருத்துவர்களின் கையில் சர்க்கரை பார்க்கும் கருவியைக் கொடுத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்த 78 சதவீதம் 12.5 ஆக இறங்கியது. புது மருந்து ஒன்றும் வரவில்லை. காகிதமும் பசையும், பார்த்ததும் சந்தேகப்படப் பழகிய கண்களும் மட்டும்தான்.

நம் பள்ளிகளில் இதை ஏன் செய்யக் கூடாது என்று கேட்கத் தோன்றுகிறது. எல்கேஜி வகுப்பில் ஒரு பிள்ளை மணிக்கு மூன்று தடவை “மிஸ், ஒண்ணுக்கு” என்று எழுந்தால், முதலில் வருவது அதட்டல். தண்ணீர் பாட்டிலை மதியத்துக்குள் காலி செய்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் பாட்டிலை வாங்கிக் குடித்தால், அது குறும்பு. துள்ளித் திரிந்தவன் டெஸ்கில் தலை சாய்த்துக் கிடந்தால், ராத்திரி டிவி பார்த்திருப்பான். பள்ளி நாட்களில், பகல் பொழுதில் பெற்றோரைவிட அதிக நேரம் பிள்ளையைப் பார்ப்பவர் ஆசிரியர்தான். பள்ளி டைரியில் அவர் எழுதும் ஒரு வரி ஒரு உயிரைக் காப்பாற்றலாம். படுக்கையை நனைத்ததற்காக அடி வாங்கிய பிள்ளைகளை நினைத்தால் மனம் பதைக்கிறது. நோய்க்குத் தண்டனை வாங்கியிருக்கிறார்கள்.

கண்டுபிடித்த பிறகு

ஒரு நூற்றாண்டுக்கு முன் என்றால் கண்டுபிடித்தும் பயனில்லை. டைப் 1 வந்த பிள்ளைகள் ஓரிரு ஆண்டுகளுக்குள் இறந்துபோவார்கள். உயிரைச் சற்று நீட்டிக்க அவர்களைக் கிட்டத்தட்டப் பட்டினி போடுவதுதான் அன்றைய சிகிச்சை. 1922 ஜனவரியில் கனடாவின் டொரொண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தினார்கள். முதல் ஊசி சரிவரப் பலன் தரவில்லை. 12 நாட்கள் கழித்து, சுத்திகரித்த மருந்து அவனை மீட்டது. மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் முதன்மையானவரான ஃபிரெடரிக் பான்டிங்கின் பிறந்த நாள் நவம்பர் 14, உலக நீரிழிவு தினம். நம் நாட்டில் அது குழந்தைகள் தினமும்கூட. அன்று பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கும் பள்ளிகள், பார்மாவின் சுவரொட்டியைப் போல ஒன்றைச் சுவரில் ஒட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இன்று இன்சுலின் ஊசியோடு பிள்ளைகள் படிக்கிறார்கள், விளையாடுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை பெறுகிறார்கள். நம் அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். ஊசி தொடங்கிய சில வாரங்களில் மிச்சமிருக்கும் செல்கள் சற்றுத் தேறி, இன்சுலின் தேவை வெகுவாகக் குறையலாம். மருத்துவர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள். “சரியாயிடுச்சு” என்று ஊசியை நிறுத்துவதும், முழுசாகக் குணப்படுத்துகிறோம் என்று சொல்பவர்களின் சூரணத்தை நம்புவதும் இந்த நேரத்தில்தான் நடக்கிறது. தேனிலவு முடியும், கீட்டோன் திரும்பும். டைப் 1க்கு இன்சுலினுக்கு மாற்று இன்றுவரை இல்லை. தாத்தாவின் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் விபரீதமும் வேண்டாம்.

மீண்டும் அந்த ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் மெஷினுக்கு வருவோம். சுகர் மெஷின் வைத்திருக்கும் தாத்தாக்களே, பாட்டிகளே, உங்களிடம்தான் இந்த வேண்டுகோள். வீட்டுப் பிள்ளை திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்து, நிறையச் சிறுநீர் கழித்து, இளைத்துச் சோர்ந்தால் காலையில் வெறும் வயிற்றில் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். குழந்தைக்கு அது தேவையில்லை. அந்த நேரத்திலேயே பாருங்கள். முதலில் பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள், விரலில் ஒட்டிய மாம்பழச் சாறுகூடப் பொய்க் கணக்குக் காட்டும். நீங்கள் குத்திக்கொண்ட ஊசியால் குத்தாமல் புது ஊசி போடுங்கள். ஐந்து நொடியில் எண் வந்துவிடும். எண்ணுக்குப் பதிலாக ‘ஹை’ என்று எழுத்து வந்தால் மெஷின் கெட்டுவிட்டதாக நினைக்காதீர்கள், அளக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கலாம். 200க்கு மேல் எது காட்டினாலும், விடியட்டும் என்று பாராமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எண் குறைவாகவே வந்து, அறிகுறிகள் மட்டும் தொடர்ந்தாலும் அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.